கனடாப் பார்சலில் வந்த செலீனியமும் என் தைரொயிட் குளிசையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில், தைரொயிட் ஓமோன் குறைந்ததால் தைரொட்சின் குளிசை குடிக்கிற பெண்கள் இருவர் சந்தித்தால், இப்போதெல்லாம் பேச்சு விரைவிலேயே செலீனியம் என்ற கனிமச்சத்துக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரியோ பெறாமகனோ அனுப்பிய குப்பியொன்று வீட்டில் இருக்கும். அதைக் குடித்து வந்தால் தைரொயிட் சுரப்பி தானாகவே சீராகிவிடும், நாளடைவில் ஆசுப்பத்திரிக் குளிசையை நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கும். அந்த நம்பிக்கை முழுப் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. தைரொயிட் ஓமோனுக்கும் செலீனியத்துக்கும் இடையிலான தொடர்பு உண்மையானது, ஆழமானது. ஆனால் அந்தத் தொடர்பிலிருந்து நம்மவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறானது. நான் இந்த மாவட்டத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பல வருடங்களாகத் தைரொட்சின் குடித்து வருகிறேன். படித்து அறிந்ததையும், என் உடலிலும் என் வீட்டாரிடத்திலும் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நோய் தொடங்கிய காலத்தில் எனக்கு முதலில் தெரிந்தது களைப்பல்ல, குளிர். பங்குனி வெயிலில், தகரக் கூரையின் கீழ் எல்லோரும் விசிறியைத் தேடும் நேரத்தில் நான் போர்வையைத் தேடினேன். பிறகு குரல் கரகரத்தது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள் "கேக்கேல்லை, ரீச்சர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தோல் வரண்டு செதிலாயிற்று, சீப்பில் முடி கொத்தாக வந்தது, மாதவிடாய் நாட்கள் நீண்டன. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இவையெல்லாம் வழக்கம் என்றுதான் அயலில் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனையில் ரீ.எஸ்.எச். 18 என்று வந்தது. ஆய்வுகூடம் தந்த தாளில் அதன் மேல் எல்லை நாலு சொச்சம். தைரொயிட் பெரொட்சிடேசு என்ற நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் மிக உயர்ந்திருந்தன. "உங்கட உடம்பே உங்கட சுரப்பியை எதிரியெண்டு நினைச்சுத் தாக்குது, ரீச்சர்" என்று வைத்தியர் விளக்கினார். 1912ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த நோய் இது. உணவில் அயடீன் போதியளவு கிடைக்கும் நாடுகளில் தைரொயிட் குறைவுக்கு முதன்மையான காரணம் இதுவே.

ரீ.எஸ்.எச். என்பது தைரொயிட் சுரப்பியின் ஓமோன் அல்ல. மூளையின் அடியிலிருக்கும் கபச்சுரப்பி, தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டுவதற்காக அனுப்புவது. சுரப்பி சோர்ந்தால் தூண்டல் கூடும், ஆகவே ரீ.எஸ்.எச். உயரும். தைரொயிட் வெளிவிடும் ஓமோனின் பெரும்பகுதி, நான்கு அயடீன் அணுக்களைக் கொண்ட தைரொட்சின். அதைச் சுருக்கமாக ரீ4 என்கிறோம். ஆனால் கலங்களுக்குள் சென்று உண்மையில் வேலை செய்வது மூன்று அயடீன் அணுக்களைக் கொண்ட ரீ3. நமது இரத்தத்தில் ஓடும் ரீ3இல் ஏறத்தாழ 80 வீதம் சுரப்பியிலிருந்து நேரே வருவதில்லை. ஈரல், சிறுநீரகம், தசை முதலிய இழையங்களில், ரீ4இலிருந்து ஓர் அயடீன் அணு கழற்றப்படுவதால் உருவாகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது நெல்லையும் அரிசியையும் காட்டித்தான் சொல்வேன்: ரீ4 என்பது மூட்டையில் பல நாட்களுக்கு வைத்திருக்கக்கூடிய நெல், ரீ3 என்பது உடனே உலையிலிடக்கூடிய அரிசி, இடையில் ஓர் ஆலை வேண்டும். ரீ4இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு கிழமை, ரீ3இனுடையது ஏறத்தாழ ஒரு நாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், உடல் ஏன் இருப்பை ஒரு வடிவத்திலும் செலவை இன்னொரு வடிவத்திலும் வைத்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

அந்த ஆலையின் இயங்கு பகுதியில்தான் செலீனியம் இருக்கிறது. அயடீனைக் கழற்றும் நொதியங்களுக்கு டியோடினேசு என்று பெயர். அவை மூன்று வகை. மூன்றிலும், வினை நடக்கும் இடத்தில் செலீனோசிஸ்தீன் என்ற அமினோ அமிலம் அமைந்திருக்கிறது. நாம் பாடப்புத்தகத்தில் படிப்பிக்கும் இருபது அமினோ அமிலங்களுக்கு அப்பால், இருபத்தோராவதாக எண்ணப்படுவது இது. கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலீனியம் இருப்பதுதான் இதன் சிறப்பு. முதலாம் வகை டியோடினேசு ஈரலிலும் சிறுநீரகத்திலும் தைரொயிட்டிலும் இருக்கிறது. இரண்டாம் வகை மூளை, கபச்சுரப்பி, தசை போன்ற இடங்களில், அந்தந்த இழையத்தின் தேவைக்கு ரீ3ஐ ஆக்கிக் கொடுக்கிறது. மூன்றாம் வகையின் வேலை இதற்கு நேரெதிரானது. அது அயடீனை வேறோர் இடத்தில் கழற்றி ஓமோனைச் செயலற்றதாக்கும். சூல்வித்தகத்தில் இது நிறைந்திருந்து, தாயின் ஓமோன் மிகையாகச் சிசுவுக்குப் போய்விடாமல் காக்கிறது. முதலாம் வகையில் செலீனியம் இருப்பது 1990ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. பட்டினியிலும் கடும் நோயிலும் உடல் ரீ3 ஆக்குவதைக் குறைத்துக்கொண்டு, ரீ4ஐச் செயலற்ற வடிவத்துக்குத் திருப்பிவிடும். எரிபொருள் இல்லாத நேரத்தில் உயிரைக் காக்க உடல் கடைப்பிடிக்கும் சிக்கனம் அது. 2009இன் முதல் மாதங்களைக் கஞ்சியோடு கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது, ரீ3 குறைந்ததெல்லாம் செலீனியக் குறைவு ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்வேன். நோயுற்றுக் கட்டிலில் கிடப்பவரின் ரீ3 அளவைப் பார்த்துவிட்டுக் குப்பி வாங்க ஓடுவது பொருத்தமற்றது.

செலீனியத்தின் இரண்டாவது வேலை சுரப்பிக்குள்ளேயே நடக்கிறது. எனது நோய்க்கு இது இன்னும் நெருக்கமானது. அயடீனைப் பிடித்து ஓமோனாகக் கோப்பதற்குத் தைரொயிட், ஐதரசன் பேரொட்சைட்டை உருவாக்குகிறது. புண் கழுவப் பயன்படும் அதே பொருள்தான். அது கலங்களை அரிக்கும். வேலை முடிந்த பின் மிஞ்சுவதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்யாவிட்டால் சுரப்பிக்கே சேதம். அந்தத் துப்புரவை முக்கியமாகச் செய்வது குளுட்டதயோன் பெரொட்சிடேசு என்ற நொதியக் குடும்பம். அதில் செலீனியம் இருப்பது 1973இல் கண்டறியப்பட்டது. உடலின் உறுப்புகளுள், ஒரு கிராம் இழையத்தில் மிகக் கூடிய செலீனியத்தை வைத்திருப்பது தைரொயிட் சுரப்பி என்பது தற்செயலல்ல. உணவில் செலீனியம் குறையும்போது ஈரலும் தசையும் முதலில் விட்டுக்கொடுக்கின்றன. மூளையும் தைரொயிட் போன்ற ஓமோன் சுரப்பிகளும் தமது பங்கை இறுகப் பற்றி வைத்திருக்கின்றன. ஆகவே, கொஞ்சம் குறைந்தவுடன் ஆலை நின்றுவிடுவதில்லை. செலீனியம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி இதுதான்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பார்சல் ரொறன்ரோவிலிருந்து வந்தது. அனுப்பியவர் என் கணவரின் தங்கை. என்மீது அவளுக்கு உள்ள அக்கறையில் ஐயமில்லை. அங்கே பல மணித்தியாலம் நின்று வேலை செய்து உழைத்த காசில் வாங்கி அனுப்பியிருந்தாள். தொலைபேசியில், "மச்சாள், இதை ஒழுங்காக் குடிச்சால் தைரொயிட் குளிசையை விடலாம் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் யோசியாமல் தொடங்குங்கோ" என்றாள். பெட்டிக்குள் மூன்று குப்பிகள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குப்பியின் பின்பக்கத்தையும் வாசித்துக் கொப்பியில் எழுதினேன். தைரொயிட்டுக்கு என்று சொல்லப்பட்ட முதற் குப்பியில், ஒரு வில்லைக்கு 200 மைக்கிரோகிராம் செலீனியம். பெண்களுக்கான பல்விற்றமின் குப்பியில் 55. முடிக்கும் நகத்துக்கும் என்ற மூன்றாவது குப்பியில் 100. முன்பக்கத்தில் செலீனியம் என்று பெரிய எழுத்தில் இருந்தது முதற் குப்பியில் மட்டுமே. மற்ற இரண்டிலும் அது பொடி எழுத்து அட்டவணைக்குள் ஒளிந்திருந்தது.

கூட்டினால் ஒரு நாளைக்கு 355 மைக்கிரோகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளில் தேவையானது என அமெரிக்கப் பரிந்துரை சொல்வது 55 மைக்கிரோகிராம்; கர்ப்பிணிக்கு 60, பாலூட்டும் தாய்க்கு 70. மிகைக்கான எல்லையாக அமெரிக்காவில் 400ஐ வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் அதை 255ஆகக் குறைத்தது. அதாவது, சோறு, கறி, மீன் எதையும் கணக்கில் எடுக்காமலேயே, அந்த மூன்று குப்பிகளும் என்னை ஐரோப்பிய எல்லைக்கு அப்பால் கொண்டுபோயிருக்கும். இலகுவான கூட்டல்தான், ஆனால் அதைச் செய்யாமல் குடிப்பவர்களே அதிகம். ஒவ்வொரு குப்பியும் தன்னளவில் அளவாகத்தான் இருக்கும். ஆபத்து அவை ஒன்றுசேரும் இடத்தில் இருக்கிறது.

மிகையானால் என்ன வரும் என்பதை நான் நன்றாகவே மனதில் பதித்துக்கொண்டேன், ஏனெனில் அதில் ஒரு பொறி இருக்கிறது. செலீனியம் மிகையான உடலில் முடி கொட்டும், நகங்கள் வெளிறி உடையும், வாயில் உலோகச் சுவை தங்கும், மூச்சில் உள்ளி மணக்கும், களைப்பும் வயிற்றுக் குழப்பமும் வரும். 2008இல் அமெரிக்காவில், தயாரிப்புத் தவறினால் குறிப்பிட்ட அளவைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு செலீனியம் கலந்துவிட்ட ஒரு திரவச் சத்துமருந்தைக் குடித்து இருநூறு பேரளவில் பாதிக்கப்பட்டார்கள்; அவர்களுள் பெரும்பான்மையானோருக்கு முடி கொட்டியது. இப்போது, தைரொயிட் குறைந்த பெண்ணுக்கு முதலில் தெரியும் கவலை எது? அவளுக்கும் முடிதான் கொட்டுகிறது. நகம் உடைகிறது, களைப்பாகவும் இருக்கிறது. அதற்காகச் செலீனியம் குடிக்கிறாள்; மிகையாகிறது; முடி இன்னும் கொட்டுகிறது; நோய் முற்றுகிறது என்று எண்ணி இரண்டாவது வில்லையையும் சேர்க்கிறாள். குறைவின் அடையாளமும் மிகையின் அடையாளமும் ஒரே சீப்பில் வந்து நிற்கும்போது, வெளித்தோற்றத்தைப் பார்த்து யாராலும் பிரித்தறிய முடியாது. என்னோடு கற்பிக்கும் அக்கா ஒருவரின் நகங்களில் வெண்கோடுகளைக் கண்டபோது நான் முதலில் கேட்டது, "அக்கா, வீட்டில என்னென்ன குப்பி வச்சிருக்கிறீங்கள்?" என்பதைத்தான். அவர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார்.

நானும் எனது மூன்று குப்பிகளையும் வைத்தியரிடம் காட்டினேன். அவர் தட்டிக்கழிக்காமல் ஆறுதலாகப் பேசினார். என் சுரப்பியின் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது. நெல்லே போதாத இடத்தில் ஆலையை மினுக்கிப் பயனில்லை. வெளியிலிருந்து தைரொட்சினைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் நான் தேடி வாசித்தேன். 2002இல் ஜேர்மனியில் நடந்த ஆய்வொன்றில், ஹஷிமோட்டோ நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 200 மைக்கிரோகிராம் செலீனியம் கொடுத்தபோது பிறபொருளெதிரிகளின் அளவு குறைந்தது. இந்த நம்பிக்கை உலகெங்கும் பரவியதற்கு அது முக்கிய காரணம். ஆனால், தாளில் பிறபொருளெதிரி குறைவது வேறு, நோயாளி நலமடைவது வேறு. அதுவரை வந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2013இல் வெளியான, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு, இந்நோய்க்குச் செலீனியத்தைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடித்தது. உறுதியான பயன் தெரிந்த இடம் ஒன்று உண்டு: தைரொயிட் மிகையாகும் கிரேவ்ஸ் நோயில் கண்கள் இலேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஆறு மாதம் செலீனியம் கொடுத்து ஐரோப்பாவில் நடத்திய பரிசோதனை 2011இல் வெளியாயிற்று, அவர்களின் கண் நிலையும் வாழ்க்கைத் தரமும் முன்னேறின. அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில், குறித்த காலத்துக்கு.

மறுபக்கத்தில், நீண்டகாலம் நாளுக்கு 200 மைக்கிரோகிராம் கொடுத்த அமெரிக்கப் பரிசோதனையொன்றின் தரவுகளை 2007இல் மீண்டும் ஆராய்ந்தபோது, ஏற்கெனவே செலீனியம் போதியளவு இருந்தவர்களிடத்தில் சலரோகம் கூடியிருந்தது தெரியவந்தது. நம் குடும்பங்களில் சலரோகம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எனது அம்மாவுக்கும் உண்டு. எனக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

மரவள்ளி தின்று வளர்ந்த நாங்கள் அறிந்திருக்கவேண்டிய வரலாறு ஒன்று ஆபிரிக்காவில் இருக்கிறது. அன்று சயீர் என அழைக்கப்பட்ட கொங்கோவின் வடபகுதியில், மண்ணில் அயடீனும் இல்லை, செலீனியமும் இல்லை. மக்களின் முதன்மை உணவு மரவள்ளி. சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியிலுள்ள சயனைட்டுச் சேர்வைகள் உடலில் தயோசயனேற்றாக மாறி, சுரப்பி அயடீனைப் பிடிப்பதைத் தடுக்கும். மூன்றும் சேர்ந்து, பிள்ளைகள் வளர்ச்சி குன்றி, தைரொயிட் சுருங்கி வாழ்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் அங்கே செலீனியத்தை மட்டும் முதலில் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை திருந்தவில்லை. அவர்களின் தைரொட்சின் அளவு இன்னும் இறங்கிவிட்டது. அயடீன் இல்லாத உடலில் டியோடினேசு சுறுசுறுப்பானதும், இருந்த கொஞ்ச ரீ4உம் விரைவாகச் செலவழிந்தது. அயடீனை முதலில் சரிசெய்த பிறகே செலீனியத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. நமது நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமாயிற்று. கழுத்து வீங்கும் கண்டக்கழலை மிகுந்திருந்த பகுதி தென்மேற்கின் ஈரவலயம். வன்னி வரண்ட வலயம், அத்தோடு கடலும் அருகில் இருக்கிறது. ஆனாலும் உப்பைத் திறந்த சிரட்டையில் அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தால் அயடீன் குறைந்துகொண்டே போகும். எங்கள் வீட்டில் அதை மூடியுள்ள போத்தலில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுகிறோம். மரவள்ளியைத் தோல் நீக்கி, நன்றாக அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடுகிறோம். அதைப் பகைக்கவேண்டிய தேவை இல்லை.

செலீனியத்தை உணவில் தேடப் போனால், முல்லைத்தீவிலிருந்து வரும் மீன்பெட்டியே போதும். அமெரிக்க உணவு அட்டவணைகளின்படி, சமைத்த சூரை மீன் 85 கிராமில் ஏறத்தாழ 90 மைக்கிரோகிராம் செலீனியம் இருக்கிறது; சாளை இன மீனில் 45 அளவில்; இறாலில் 40 அளவில்; ஒரு முட்டையில் 15 அளவில். கணவாயும் நண்டும் நல்லவை. எனக்கு மிகவும் விருப்பமானது சூடை மீன் தீயல். சைவக்காரருக்கு அதைச் சொல்ல முடியாது, அவர்களுக்குப் பருப்பும் தானியமும், முட்டை சாப்பிடுபவராயின் முட்டையும்தான் வழி.

தானியத்திலும் பருப்பிலும் உள்ள செலீனியத்தின் அளவைத் தீர்மானிப்பது பயிரல்ல, அது வளர்ந்த மண். ஒரே நெல்லினம் இரு ஊர்களில் இருவேறு அளவைத் தரும். ஆகவே, வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து நமது மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு ஒரு எண்ணை எழுதிவிட முடியாது. இலங்கையின் ஊர்களில் மண், அரிசி, குடிநீர் ஆகியவற்றையும் பெண்களின் தலைமுடியையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, செலீனியம் குறைந்த பெண்கள் கழலை மிகுந்த ஊர்களில் மட்டுமன்றி மற்ற ஊர்களிலும் இருந்ததைக் காட்டியது. அதனால், மீனும் முட்டையும் தொடாமல் சோறும் மரக்கறியுமாக வாழும் பெண்ணுக்குக் குறைவு வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். பின்லாந்தில் மண்ணின் குறைவு நாடு முழுவதற்குமான பிரச்சினையாக இருந்தபடியால், 1984 முதல் பசளையிலேயே செலீனியத்தைச் சேர்க்கிறார்கள்.

இதிலே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி மைசூர்ப் பருப்பைப் பற்றியது. நாம் அன்றாடம் சமைக்கும் இந்தச் சிவந்த பருப்பு இந்நாட்டில் விளைவதில்லை. கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து மண் செலீனியம் நிறைந்தது. அங்கு விளையும் பருப்பின் 100 கிராமிலேயே ஒரு நாளின் தேவைக்குக் கிட்டத்தட்ட ஈடான செலீனியம் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். இதை மச்சாளுக்குச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, நான் அனுப்பமுதலே கனடாச் செலீனியம் உங்கட சட்டிக்குள்ள வந்திட்டுதோ, மச்சாள்?" என்று கேட்டாள். பருப்புப் பையில் எந்த நாடு என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குகிறேன்.

குப்பிகளில் செலவாகும் கவனத்தில் பாதியைத் தைரொட்சின் குளிசையைக் குடிக்கும் முறையில் செலவிட்டால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதை என் அக்காவின் மகளிடம் கண்டேன். அவளுக்கும் இதே நோய். கர்ப்பம் தரித்த காலத்தில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் கொடுத்தார்கள். எல்லாக் குளிசைகளையும் காலையில் ஒன்றாக விழுங்கிவிடுவது இலகு என்று அவள் அப்படியே செய்துவந்தாள். தைரொட்சினோடு அவற்றைச் சேர்க்கக்கூடாது என்று அங்கே எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் தைரொட்சின் தேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ 25 முதல் 50 வீதம் கூடும்; முதல் மாதங்களில், சிசுவின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்கும்வரை, அதன் மூளை வளர்ச்சி தாயின் ஓமோனையே நம்பி இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் அவளுடைய ரீ.எஸ்.எச். ஏறிக்கொண்டு போனது. இரும்பும் கல்சியமும் குடலுக்குள் தைரொட்சினைப் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். இடையில் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டினார், நேரங்களையும் மாற்றினார். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது. யாரோ அனுப்பிய செலீனியக் குப்பி அவளிடமும் இருந்தது. அதைத் திறக்கவே தேவைப்படவில்லை.

இரும்பைப் பற்றி இன்னொன்றும் உண்டு. தைரொயிட் ஓமோனைக் கோக்கும் தைரொயிட் பெரொட்சிடேசுக்கு இரும்பு தேவை. ஆகவே இரும்புக் குறைவால் இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்குச் சுரப்பியும் தளரக்கூடும். இரும்புக் குளிசையை நிறுத்துவது தீர்வாகாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளி வைப்பதே தீர்வு.

நான் விடியற்காலையில் எழுந்ததும், அடுப்பு மூட்டுமுன், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைரொட்சினைக் குடிக்கிறேன். முற்றம் கூட்டி, பூவுக்குத் தண்ணீர் விட்டு, மத்தியானச் சமையலுக்கு வேண்டியதை ஆயத்தப்படுத்த ஒரு மணித்தியாலம் போய்விடும். அதன் பிறகே பால் தேத்தண்ணீர். அம்மாவின் கல்சியம் குளிசைப் பெட்டி வேறு தட்டில் இருக்கிறது. குளிசைப் போத்தலை யன்னலோரத்து வெயிலிலோ அடுப்பங்கரையிலோ வைப்பதில்லை. தைரொட்சின் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. அளவு மாறினால் ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்குப் பின்னரே ரீ.எஸ்.எச். பார்க்கிறேன், அதற்குமுன் பார்த்தால், பழைய இருப்பு முழுதும் மாறாத நிலையில் வரும் எண் நம்மைக் குழப்பும். அளவைப் படிப்படியாகக் கூட்டிய பின் எனது ரீ.எஸ்.எச். மூன்றுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறது. குரலும் திரும்பியது, முடி திரும்ப வருவதற்குத்தான் பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில்தான் பலர் பொறுமையிழந்து குப்பிகளைத் தேடுகிறார்கள்.

மூன்றாவது குப்பியில், அந்த முடிக்கும் நகத்துக்கும் என்றதில், செலீனியத்தோடு பயோட்டின் என்ற விற்றமினும் பெருமளவில் இருந்தது. இதை அறியாமல் பரிசோதனைக்குப் போனால் வேறொரு சிக்கல் வரும். தைரொயிட் ஓமோன்களை அளக்கும் பல இயந்திரங்கள் பயோட்டினைப் பயன்படுத்தும் முறையில் இயங்குகின்றன. இரத்தத்தில் அது மிகையாக இருந்தால் ரீ.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ரீ4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதுபற்றி எச்சரித்தது. தைரொயிட் குறைந்த ஒருவரின் தாளில் மிகைபோல எண் வந்தால், குளிசையைக் குறைத்துவிடும் அபாயம் உண்டு. பயோட்டின் குடிப்பவர்கள் இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அதை நிறுத்தவேண்டும். அளவு மிகக் கூடியதாயின் இன்னும் முன்னரே நிறுத்தவேண்டியிருக்கும் என்பதால், வைத்தியரிடம் கேட்பது நல்லது. எனது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று குப்பிகளின் பெயர்களும், ஒவ்வொன்றிலும் என்ன எவ்வளவு இருந்தது என்பதும், எதையும் நான் குடிக்கவில்லை என்பதும் எழுதியிருக்கின்றன. புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பட்டியலில் ஏறிய பிறகே திறக்கப்படும்.